எட்டு வானவில் மீன்களும் நான் எழுதாத புகாரும்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் வருகிற ஒரு தோட்டம். பாதி செம்பனை, மீதி தென்னைக்கு அடியில் நட்ட கொக்கோ. அங்கே ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி நான். வயது இருபத்தாறு. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. குவாட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை கொண்ட ஒரு பலகை வீடு கொடுத்திருந்தார்கள்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மாலையில் பந்து விளையாடப் போவதில்லை, கிளப்பில் போய் உட்காருவதும் இல்லை. வீட்டு முன்னறையில் மேசைமேல் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால்தான் என் நாற்காலி. தொட்டியில் எட்டு வானவில் மீன்கள் இருந்தன.

அவற்றைக் கிள்ளானில் ஒரு வர்ண மீன் கடையில் வாங்கினேன். கடையில் பார்க்கும்போது வெளிறிப்போய், சமையலுக்கு வாங்குகிற பொடி மீன் மாதிரி இருந்தன. விரல் நீளம்கூட இல்லை. இதற்கா வானவில் என்று பேர் என்று கடை முதலாளியான தவுக்கேயிடம் கேட்டேன். அந்தச் சீனர் சிரித்தார். பாதி மலாயிலும் பாதி தமிழிலும், "சபார் லா. வீட்ல நெறைய செடி வச்சி விடு. ரெண்டு வாரம் பாரு. அப்பவும் கலர் வரலன்னா வந்து என்னை ஏசு" என்றார். பொறுத்துப் பார்ப்போம் என்று வாங்கிவிட்டேன். ஜெராம் வழியாக வருகிற பஸ்ஸில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் செய்தித்தாளால் மூடி, குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

செடி வைப்பதற்கு எனக்கு வேறு காரணமும் இருந்தது. தோட்டத்தில் அப்போது எஞ்சின் லைட்தான். விடியற்காலையில் இரண்டரை மணி நேரம், மாலை ஆறிலிருந்து இரவு பத்துவரை. மற்ற நேரத்தில் மின்சாரம் கிடையாது. காற்றுக் குமிழி விடுகிற மோட்டாரை நம்பினால் பகலெல்லாம் மீன் மூச்சு முட்டிக் கிடக்கும். அதனால் ஆற்று மணலைப் பத்துத் தண்ணீரில் கழுவி அடியில் பரப்பினேன். சுங்கை பஞ்சாங் நெல்வயல்களுக்குத் தண்ணீர் போகிற கால்வாயில் வேலம்பாசி அடர்ந்து கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் ஒரு பை நிறைய அள்ளி வந்து, நத்தையும் அட்டையும் இல்லாமல் ஒவ்வொரு தண்டாகப் பார்த்து நட்டேன். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. ஒரு மாதத்தில் பாசி தொட்டியின் பின்பக்கம் முழுவதும் சுவர் போல எழும்பிவிட்டது.

தவுக்கே சொன்னது சரிதான். இரண்டாம் வாரத்தில் மீன்களுக்கு நிறம் வந்தது. உடம்பில் பழுப்பு நிறத்தில் ஏழெட்டுக் கோடுகள் நீளவாக்கில் ஓடின. துடுப்புகள் சிவந்தன. காலை வெயில் தொட்டியில் விழும்போது ஆண் மீன் பெண் மீனுக்கு முன்னால் துடுப்புகளை விரித்துக்கொண்டு நிற்கும். அப்போது அதன் நெற்றியில் ஒரு மஞ்சள் கோடு, விளக்கைப் போட்டு அணைத்த மாதிரி, வந்து வந்து மறையும். பெண் மீன் பாசிக்குள் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாத நூலில் கட்டியது போல ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போகும். இதையெல்லாம் நான் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். என்றைக்கு நிறம் வந்தது, எந்த மீன் எதைத் துரத்தியது, என்றைக்கு முட்டை பார்த்தேன், எல்லாம் தேதி போட்டு. என் மனைவி அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "ஆபீஸ் வேலைய வீட்டுக்கும் கொண்டாந்துட்டீங்க" என்று சிரிப்பாள்.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலை அவள் வீடு கழுவுவாள். அன்றுதான் நானும் தொட்டித் தண்ணீர் மாற்றுவேன். முதல் நாள் மாலையே இரண்டு வாளி தண்ணீர் பிடித்து, அடங்கட்டும் என்று வைத்துவிடுவேன். மறுநாள் நாலடி ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறு முனையை வாயால் ஒரு இழுப்பு இழுத்து, கீழே இருக்கிற வெற்று வாளியில் போட்டால் போதும். மேலே இருக்கிற தண்ணீர் தானாக இறங்கும். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் குழாயை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் ஒரு குளத்திலிருந்து வந்தது. பம்ப் வைத்து உயரத்தில் இருக்கிற இரும்புத் தொட்டியில் ஏற்றுவார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலை நாலிலிருந்து ஆறுவரை திறந்து விடுவார்கள். எங்கள் பக்கத்துக் குழாய் ஒரே கிளையாக ஓடியது. முதலில் பூச்சி மருந்து ஸ்டோர், அடுத்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற கடைசி லயம், அப்புறம் வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக் கொட்டகை, கடைசியாக எங்கள் குவாட்டர்ஸ்.

அன்று வியாழக்கிழமை. மாலை ஐந்து மணி இருக்கும். பெரிய கிராணி முன்னாடியே கிளம்பிவிட்டார். நான் ஃபைல்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கொக்கோவுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற பெண்கள் குழுவில் ஒரு அம்மா இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி லயத்தில் குடியிருந்தார். அவர் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். வேலை உடுப்பை மாற்றிவிட்டு, தலை துவட்டிய துண்டோடு வந்திருந்தார்.

"ஐயா, பைப்புத் தண்ணியில மருந்து வாடை அடிக்குதுங்க."

"என்ன மருந்து?"

"நாங்க அடிக்கிற மருந்துதாங்க. கொக்கோவுக்கு அடிக்கிறது."

நான் அலமாரியிலிருந்து திரும்பக்கூட இல்லை. "நாள் பூரா அதையே தூக்கிக்கிட்டு நடக்கிற. கையில இருக்கிற வாடையா இருக்கும். சவுக்காரம் போட்டுக் கழுவிட்டு மோந்து பாரு" என்றேன்.

"கை வாடை எது, தண்ணி வாடை எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பன்னெண்டு வருசமா அடிக்கிறேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்க லயத்துல எல்லாரையும் கொட்டச் சொல்லிட்டேன். ஆயாக் கொட்டகைக்கும் அதே பைப்புதாங்க. ஆயா தோம்பு நெறைய தண்ணி புடிச்சி வச்சிட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்குச் சொல்லணும். நீங்க புஸ்தகத்துல எழுதி வச்சிருங்க ஐயா."

புகார்ப் புத்தகம் என்று ஒன்று ஆபீசில் இருந்தது. கூரை ஒழுகல், கதவு உடைந்தது, குழாய் அடைத்தது எல்லாம் அதில் எழுத வேண்டும். மறுநாள் காலையில் மேனேஜர் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்து எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் "தண்ணீரில் மருந்து" என்று எழுதினால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். யார் சொன்னது, நீ போய்ப் பார்த்தாயா என்பார். நான் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு வீட்டுக்குப் போகும் நேரம்.

"சரி சரி, நான் சொல்லிக்கிறேன். நீ போ" என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார். நான் ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, வழக்கம் போலக் குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து முன்னறையில் வைத்தேன். குனிந்து மோந்தும் பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. நான் நினைத்தது சரி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. அந்த அம்மா மருந்து டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர், நான் பேர் புத்தகத்தோடு கடந்து போகும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, சொல்லிட்டீங்களா?"

நான் தலையாட்டினேன்.

பொய் என்று யோசித்துச் செய்தது இல்லை. கேள்வியைக் கடந்து போக ஒரு தலையாட்டல். ஆனால் அவர் அதை நம்பினார். முகம் தெளிந்து, குழுவோடு லோரியில் ஏறிக் கொக்கோக் காட்டுக்குப் போய்விட்டார். நான் தலையாட்டாமல் இருந்திருந்தால் அவரே ஆயாக் கொட்டகைக்கு நடந்து போயிருப்பார். அதை அவர் பிறகு என் மனைவியிடம் சொன்னார்.

பெரட்டு முடிந்து, பசியாற வீட்டுக்கு வந்தேன். ஏழு மணிக்கு முன்னால் இருக்கும். மனைவி பின்கட்டில் தரை கழுவிக்கொண்டிருந்தாள். நான் ரப்பர் குழாயைப் போட்டுத் தொட்டியில் தண்ணீரை இறக்கினேன். வாளித் தண்ணீரைக் கையை அணையாக வைத்து மெதுவாக ஊற்றினேன். இரண்டு வாளியும் ஊற்றி முடித்துவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாதிக் கோப்பி குடித்திருப்பேன். ஒரு மீன் திடீரென்று கண்ணாடியில் போய் முட்டியது. பிறகு இன்னொன்று. ஏதோ துரத்துகிற மாதிரி எல்லாம் தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. ஒன்று தண்ணீரிலிருந்து எகிறி மேல்மூடியில் மோதி விழுந்தது. பெரிய ஆண் மீன் சுழல ஆரம்பித்தது. உடம்பு வளைந்து, ஒரே இடத்தில் பம்பரம் போலச் சுற்றிவிட்டுப் பாசி மேல் சாய்ந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நிறம் முழுவதும் போய், கடையில் பார்த்த அதே வெளிறல்.

நான் ஒவ்வொன்றாக வலையில் பிடித்துப் பழைய தண்ணீர் இருந்த வாளியில் போட்டேன். அதற்குள் எல்லாம் பக்கவாட்டில் கிடந்தன. பத்துப் பதினைந்து நிமிடத்தில் எட்டும் முடிந்துவிட்டன.

எனக்கு முதலில் வந்தது கோபம். வாளியில் ஏதோ இருந்திருக்கிறது என்று பட்டது. பின்கட்டைப் பார்த்து, "இந்த வாளியில சவுக்காரம் கலக்குனியா?" என்று கத்தினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அந்த வாளிய நான் தொடுறதே இல்லையே" என்றாள். பிறகு, "இது நேத்துச் சாயங்காலம் புடிச்ச தண்ணியா?" என்று கேட்டாள்.

"ஆமா. வேற எது?"

"ஏங்க, அதுலதான் மருந்து கலந்திருக்குன்னு அந்தக்கா சொன்னாங்களே. நேத்து இந்த வழியாப் போறப்ப வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் மழைத்தண்ணித் தோம்புல இருந்துதான் இப்ப கோப்பி போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்னு சொன்னாங்க."

  கையில் இருந்த கோப்பி மழைத்தண்ணீர்க் கோப்பி. அந்த அம்மாவின் மூக்கை நம்பி என் மனைவி போட்டது. அப்போதுதான் ஆயாக் கொட்டகை ஞாபகம் வந்தது. பிள்ளைகளை விடுகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, ஒரு கண்ணாடிப் போத்தலில் வாளித் தண்ணீரை மொண்டு அதில் நாலு மீனைப் போட்டு மூடினேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தேன். குவாட்டர்ஸில் மற்ற வீடுகளில் சொல்லச் சொல்லி மனைவியை அனுப்பினேன்.

ஆயாக் கொட்டகை அரை மைல்கூட இருக்காது. உள்ளே இருபது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். சிலர் துணித் தொட்டிலில், சிலர் பாயில். ஆயா பெரிய பாத்திரத்தில் பால்மாவைக் கலக்கி, டின் குவளைகளில் ஊற்றி வரிசையாக வைத்திருந்தார். முன்பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகள் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"குடுக்காதீங்க! அந்தத் தண்ணி வேணாம்!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

ஆயா திடுக்கிட்டார். "என்னங்க ஐயா? கொதிக்க வச்ச தண்ணிதானே. லேசா வாடை வந்துச்சி. குளத்துல பிளீச்சிங் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"பிளீச்சிங் இல்ல. பூச்சி மருந்து. எல்லாத்தையும் கொட்டுங்க."

அவர் தயங்கினார். அன்றைக்கு இருந்த பால்மாவு அவ்வளவுதான், கொட்டினால் பிள்ளைகள் பசியில் கிடக்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் போத்தலை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவர் அதைப் பார்த்தார். அடுத்த நிமிடம் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வெளிச் சாக்கடையில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்று பிள்ளைகளில் ஒரு பெண்பிள்ளை அதற்குள் வாந்தி எடுத்தது. ஒன்றரை வயது இருக்கும். உதட்டோரம் எச்சில் நூலாக வழிந்துகொண்டே இருந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் போத்தலோடு மேனேஜர் பங்களாவுக்கு ஓடினேன். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டேன்.

மேனேஜர் பசியாறிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மோசமானவர் இல்லை, எதற்கும் ஆதாரம் கேட்கிறவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மருந்து அடிக்கிற ஒரு அம்மா நேற்றே வாடையைச் சொன்னார் என்றேன். "வாடையா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த தொனி எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று ஜன்னல் வழியாக நான் பேசியதும் அதே தொனிதான். போத்தலை மேசைமேல் வைத்தேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து டெலிபோனை எடுத்தார்.

மூன்று பிள்ளைகளையும் ஆயாவோடு அவருடைய காரிலேயே அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடானது. அந்தப் பெண்பிள்ளையின் தாயும் மருந்துக் குழுவில்தான் வேலை செய்தாள். காட்டிலிருந்து அவளைக் கூட்டிவர ஆள் போனது. அவள் மருந்து டின்னைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்ததைப் பார்த்தேன்.  காரில் ஏறிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவள், தன் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மருந்து பட்ட கை. பிள்ளையை ஆயா மடியிலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்தபடி போனாள்.

குழாய்த் தண்ணீரை அடைத்தார்கள். எப்படிக் கலந்தது என்ற கேள்வி வந்தது. யாரோ மீன் பிடிக்கக் குளத்தில் மருந்து கொட்டியிருப்பார்கள் என்றார் மருந்து மண்டோர், அதாவது அந்தப் பெண்கள் குழுவுக்கு மேலாள். எல்லாரும் குளத்துக்குப் போனோம். குளத்தில் மீன்கள் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் குழாயில்தான் ஏதோ நடந்திருக்கிறது. மருந்து ஸ்டோருக்கு வந்தோம். டிராக்டர் டிரெய்லர் மேல் மருந்து கலக்குகிற டிரம் நின்றது. அதற்குத் தண்ணீர் பிடிக்கிற ஓஸ் பைப்பின் ஒரு முனை குழாயில் மாட்டியிருந்தது. மறு முனை டிரம்முக்குள் அடிவரைக்கும் முங்கிக் கிடந்தது.

எனக்குப் பார்த்ததும் புரிந்தது. வாரா வாரம் நான் செய்கிற வேலை அது. டிரம் உயரத்தில். லயத்துக் குழாய்கள் தாழ்வில். மேலே தண்ணீரை அடைத்த பிறகு கீழே யாராவது குழாயைத் திறந்திருந்தால், ஓஸ் பைப் டிரம்மில் இருப்பதைப் பின்னோக்கி உறிஞ்சிக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். மாலையில் மறுபடி தண்ணீர் திறந்தபோது அது அப்படியே லயத்துக்குப் போயிருக்கிறது. மேனேஜருக்கு ரப்பர் குழாயை வைத்து விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அந்த அம்மாவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "நேத்துக் காலையில மருந்து கலக்கி வச்சிட்டு டின்னு எடுக்கப் போனோம். திரும்பி வந்து பாத்தா டிரம்முல நாலு விரக்கடை கொறஞ்சிருந்துச்சி. மண்டோர்கிட்ட அப்பவே சொன்னேன். வெயில்ல வத்தியிருக்கும்னாரு."

மண்டோர் வேறு பக்கம் பார்த்தார். அடுத்து அந்த அம்மா என் பேரைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.  அவர் சொல்லவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். கோபமான பார்வையாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காலையில் என் தலையாட்டலைப் பார்த்த அதே கண்கள்தான். அவற்றில் இப்போது நம்பிக்கை மட்டும் இல்லை.

பிள்ளைகள் மூவரும் மறுநாள் மாலை திரும்பி வந்தார்கள். குடித்தது இரண்டு மூன்று மடக்குதான் என்பதால் தப்பித்தார்கள் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு குவளை முழுவதும் உள்ளே போயிருந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம்.

அவர்கள் திரும்புவதற்கு முன், சனிக்கிழமை காலைப் பெரட்டிலேயே மேனேஜர் எல்லார் முன்னாலும் பேசினார். நம் ஆபீஸ் கிராணி வளர்த்த மீன்களால்தான் இன்றைக்குப் பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றன, அவருடைய சமயோசிதத்தை மேலிடத்துக்கு எழுதப் போகிறேன் என்றார். கை தட்டினார்கள். அந்த அம்மா இரண்டாவது வரிசையில் நின்றார். அவரும் கை தட்டினார்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஆபீசுக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். என் வீட்டில் மீன் முட்டை போட்ட தேதிகூட எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் வியாழக்கிழமைப் பக்கத்தில் ஒரு கூரை ஒழுகலுக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. ஒரு கணம், அந்த வெற்றிடத்தில் வியாழன் என்றே போட்டு எழுதிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. பேனா முனையைக்கூட அங்கே வைத்துவிட்டேன். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, சனிக்கிழமை என்று தேதி போட்டு எழுதினேன். இன்ன அம்மா வியாழன் மாலை ஐந்து மணிக்கு வந்து தண்ணீரில் மருந்து வாடை இருப்பதாகவும், ஆயாக் கொட்டகைக்குச் சொல்ல வேண்டும் என்றும் புகார் செய்தார், நான் அதை எழுதவில்லை, யாருக்கும் சொல்லவில்லை, வெள்ளி காலை அவர் கேட்டபோது சொல்லிவிட்டதாகத் தலையாட்டினேன். கீழே என் கையெழுத்து.

மேனேஜர் படித்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். இதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தைக் கிழித்துவிட்டால் விஷயம் இதோடு முடியும் என்றும் சொன்னார். நான் கிழிக்கவில்லை. பாராட்டுக் கடிதத்துக்குப் பதிலாக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் ஃபைலில் அதை நானே வைத்தேன். ஆபீசின் மானத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பெரிய கிராணி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓஸ் பைப் இனிமேல் டிரம்முக்குள் முங்கக் கூடாது, ஒரு சாண் மேலே தொங்க வேண்டும் என்று ஸ்டோர் சுவரில் எழுதிப் போட்டார்கள். மருந்துக் குழுவில் டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்த அம்மாவுக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவிக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தார். மனைவி அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். கிராணி வீட்டில் தொழிலாளிக்கு நாற்காலி கொடுப்பது தோட்டத்தில் அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அவர் உட்காராமல் தொட்டி அருகே போய் நின்றார். தொட்டியில் தண்ணீரைப் பல முறை மாற்றியிருந்தேன். மீன் இல்லை. வேலம்பாசி மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி பச்சையாக வளர்ந்து மேல்மட்டத்தைத் தொட்டிருந்தது.

நான் எழுந்து நின்று, "அம்மா, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிக்குங்க" என்றேன்.

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன மீனுங்க இருந்துச்சி?"

"எட்டு."

"பாவம்" என்றார். பிறகு, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்: "அதுங்க செத்துக் காட்டுனதாலதான் நம்புனீங்க. இல்லீங்களா?"

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மனைவி கொடுத்த கோப்பியை வாங்கி, இப்போது உட்கார்ந்து, கீரையை எப்படிச் சமைக்க வேண்டும் என்று அவளிடம் பேச ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நான் பல தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டேன். பெரிய கிராணியாகவும் ஆனேன். மீனும் மறுபடி வளர்த்தேன். யார் வந்து என்ன சொன்னாலும் முதலில் புத்தகத்தை எடுத்து எழுதிவிட்டுத்தான் மற்றப் பேச்சு என்பதைப் பழக்கமாக வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்பிள்ளை இப்போது பிள்ளை பெற்று வளர்க்கிற வயதில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் கேட்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த எட்டு மீன்களும் அன்று பிழைத்திருந்தால் அந்த அம்மாவின் பேச்சை நான் எப்போதாவது நம்பியிருப்பேனா என்று அவ்வப்போது என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நம்பியிருக்க மாட்டேன் என்கிற பதில் இத்தனை வருடங்களில் ஒரு தடவைகூட மாறவில்லை.